ஈரலுக்கு ஜாதகம் எழுதுகிறவர்களுக்கு

சென்ற இதழில் நாள்பட்ட ஹெபடைட்டிஸ் குறித்து வந்த கட்டுரையை எழுதியவர் எங்கள் திருவள்ளூர் மணவாள நகர்ப் பக்கத்துக்காரர்தான். படித்தவர், ஆய்விதழ்களின் பெயரையெல்லாம் சரளமாகச் சொல்கிறவர். அதனால்தான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. ஒன்றும் தெரியாதவர் உளறினால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அரைகுறையாகப் படித்தவர் அடித்துச் சொன்னால், அதை நம்பி நாலு பேர் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள்.

அவர் வாதத்தைக் குறைக்காமல் கூட்டாமல் சொல்லிவிடுகிறேன். ஹெபடைட்டிஸ் பி, சி வைரஸ் புகுந்த எல்லோருக்கும் ஈரல் கெடுவதில்லை. யாருக்குக் கெடும், யாருக்குக் கெடாது என்பதை மரபணு முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. மணவாள நகரிலும் வெங்கத்தூரிலும் ஒரே வீட்டில் அம்மாவுக்கு, மகனுக்கு, மகளுக்கு என்று வரிசையாக வருவதே இதற்குச் சாட்சி. ஆகவே தடுப்பூசியும், வருஷக்கணக்கில் விழுங்கும் மாத்திரையும் கம்பெனிக்காரர்களின் வியாபாரம். நம் உடம்புக்குக் கீழாநெல்லி போதும். வசதி உள்ளவர்கள் தனியார் லேபில் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கடைசியாக ஒரு யோசனை: கும்மிடிப்பூண்டி, காக்களூர் ஆலைகள் ஆள் எடுக்கும்போதே ரத்தத்தைப் பார்த்து, ஈரல் பலவீனமான பரம்பரைக்காரர்களைக் கழித்துவிட்டால் தொழிலாளிக்கும் நல்லது, முதலாளிக்கும் நல்லது.

இதில் முதல் வரி உண்மை. அந்த ஒரு உண்மையை வாசலில் நிறுத்திவிட்டு, அதன் முதுகுக்குப் பின்னால் வரிசையாகப் பொய்களை உள்ளே அனுப்பியிருக்கிறார். ஒவ்வொன்றாக வெளியே கூப்பிடுவோம்.

முதலில் அந்த வீட்டு வரிசை. ஒரே வீட்டில் மூன்று பேருக்கு இருந்தால் அது மரபணு என்றால், மூன்று பேர் தலையில் பேன் இருப்பதும் மரபணுதான். ஹெபடைட்டிஸ் பி ரத்தத்தாலும் உடல் திரவங்களாலும் பரவுகிற வைரஸ். அம்மாவுக்கு இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றுகிறது. ஒரே பிளேடு, ஒரே டூத்பிரஷ், சின்னச் சின்னக் காயங்கள் வழியாக வீட்டுக்குள் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போகிறது. உடலுறவில் மனைவியிடமிருந்து கணவனுக்கும், கணவனிடமிருந்து மனைவிக்கும் போகிறது. கட்டுரை எழுதிய நண்பரின் கணக்கில் இந்தக் கணவன் எந்தப் பரம்பரை? அத்தை மகனாக இருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம். அரக்கோணத்திலிருந்து வந்த வெளி மாப்பிள்ளை என்றால் என்ன சொல்வார்?

அவர் செய்த இதே தவறை 60 வருஷத்துக்கு முன்னால் ஒரு பெரிய விஞ்ஞானியும் செய்தார் என்பது அவருக்கு ஆறுதலாக இருக்கலாம். அமெரிக்காவின் பரூக் பிளம்பர்க் வைரஸைத் தேடிப் போனவரே இல்லை. மனிதருக்கு மனிதர் ரத்தப் புரதங்கள் பரம்பரையாக எப்படி வேறுபடுகின்றன என்று பார்க்கத்தான் உலகம் முழுக்க ரத்தம் சேகரித்தார். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் ஒரு புதுப் புரதம் அகப்பட்டது. அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜன் என்று பெயர் வைத்து 1965-இல் அறிவித்தார். குடும்பம் குடும்பமாக அது வருவதைப் பார்த்துவிட்டு, பெற்றோரிடமிருந்து வரும் பரம்பரைக் கூறு என்றே அவரும் அவர் குழுவினரும் எழுதினார்கள்.

பிறகு நடந்ததுதான் முக்கியம். டவுன் சின்ட்ரோம் உள்ள ஒருவருக்கு முதல் சோதனையில் அந்தப் புரதம் இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தால் இருக்கிறது. இடையில் அவர் ஈரலும் வீங்கியிருக்கிறது. 1967-இல் அவர்கள் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தினமும் மற்றவர்களின் ரத்தத்தைச் சோதித்துக்கொண்டிருந்தவர், தன் ரத்தத்தையும் எடுத்து அதே சோதனையில் வைத்துப் பார்த்தார். அதுவரை அவரிடம் இல்லாத புரதம், மெல்லிய கோடாக அங்கே தெரிந்தது. பிறவியில் வந்த மரபணு ஒருநாள் திடீரென்று ரத்தத்தில் முளைக்காது. பரம்பரைக் கூறு என்று நினைத்தது தொற்று வைரஸ் என்று தெளிவாயிற்று. பிளம்பர்க் தன் முடிவை மாற்றிக்கொண்டார். 1976-இல் நோபல் பரிசு வாங்கினார். அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கொண்டாடுகிறோம். அவர் கைவிட்ட இடத்தில் நம் நண்பர் இப்போது போய்க் குடியேறியிருக்கிறார்.

அப்படியானால் மரபணுவுக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. எவ்வளவு என்பதுதான் கேள்வி; அதைத்தான் கட்டுரை முழுக்க ஒளித்திருக்கிறார். 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எச்எல்ஏ-டிபி என்ற மரபணுப் பகுதியைப் பற்றி எழுதினார்கள். வைரஸின் துண்டுகளை நோய் எதிர்ப்புச் செல்களுக்கு எடுத்துக் காட்டும் புரதத்தை அமைப்பது அந்தப் பகுதி. அதில் ஒரு வகை உடையவர்களுக்கு ஹெபடைட்டிஸ் பி நாள்பட்டதாகத் தங்கிவிடும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. ஜப்பானியரிடம் கண்டதைத் தாய்லாந்துக்காரர்களிடமும் சரிபார்த்தார்கள். நல்ல ஆய்வு, நண்பரும் அதைத்தான் காட்டுகிறார். ஆனால் பக்கத்தில் இன்னொரு கணக்கை வைத்துப் பார்க்கவில்லை. பிறந்த குழந்தைக்கு இந்த வைரஸ் தொற்றினால் 100-க்கு 90 பேருக்கு நாள்பட்டு நின்றுவிடும். ஆரோக்கியமான பெரியவருக்குத் தொற்றினால் 100-க்கு 5 பேருக்கும் குறைவாகத்தான் நிற்கும். மரபணு தரும் வித்தியாசம் இரண்டு மடங்கு என்றால், தொற்றிய வயது தரும் வித்தியாசம் கிட்டத்தட்ட இருபது மடங்கு. அந்த வயதைத்தான் ஒரு தடுப்பூசி மாற்றுகிறது.

தைவானைப் பாருங்கள். அங்கே 1984-இல் பிறந்த குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளில் ஈரல் புற்றுநோய் 1981-86 காலத்தில் லட்சத்துக்கு 0.70. 1990-94 காலத்தில் அது 0.36. பத்து வருஷத்துக்குள் பாதி. தைவான் மக்களின் மரபணு பத்து வருஷத்தில் மாறிவிட்டதா? அதே இனம், அதே பரம்பரை, அதே அம்மாக்கள். இடையில் வந்தது ஒரு ஊசி. கட்டுரையின் மொத்த வாதமும் இந்த இரண்டு எண்களுக்கு முன்னால் நிற்காது.

நம் ஊரிலும் அந்த ஊசி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் குழந்தை பிறந்ததும் 24 மணி நேரத்துக்குள், இடது தொடையில், அரை மில்லி. பிறகு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பென்டாவேலன்ட் ஊசிக்குள் ஹெபடைட்டிஸ் பி-யும் சேர்ந்து வருகிறது. நாட்டிலேயே முதலில், 2011 டிசம்பரில், அந்த ஊசி கேரளத்திலும் தமிழ்நாட்டிலும்தான் தொடங்கப்பட்டது. அம்மாவுக்கு வைரஸ் இருப்பது முன்பே தெரிந்தால் குழந்தைக்கு இம்யூனோகுளோபுலின் ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். வைரஸ் அளவு அதிகமுள்ள கர்ப்பிணிக்குக் கடைசி மாதங்களில் டெனோஃபோவிர் மாத்திரையும் கொடுப்பதுண்டு. நண்பர் பரம்பரை என்று கைகாட்டும் சங்கிலி அந்த 24 மணி நேரத்தில் அறுந்துவிடும். ஊசி போடாதே என்று எழுதுகிறவர் அந்தச் சங்கிலியை அடுத்த தலைமுறைக்கும் கட்டிவிடுகிறார்.

பரம்பரையாக வரும் மரபணுச் சிக்கல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஈரலில் உருவாகும் ஒரு நொதி, அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தக் கொடுக்கும் சக்சினைல்கோலின் என்ற மருந்தை உடைக்கிறது. வைசிய சமூகத்தில் சிலருக்கு அந்த நொதி அமைவதில்லை; அந்த மருந்துக்குப் பிறகு நெடுநேரம் தானாக மூச்சு விட முடியாமல் போகும். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். அங்கே காரணம் பரம்பரை. தொற்று எதுவும் இல்லை. அதையும் ஹெபடைட்டிஸையும் ஒரே பையில் போட்டுக் குலுக்குவது அறிவியல் ஆகாது.

இனி ஹெபடைட்டிஸ் சி. மரபணு தீர்ப்பு சொல்லிவிடும் என்ற வாதம் எங்கே எடுபடும் என்று தேடினால், 2009-இல் ஒரு இடம் கிடைக்கும். ஐஎல்28பி என்ற மரபணுவுக்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். அதில் நல்ல வகை உள்ளவர்களுக்கு அப்போதைய சிகிச்சை மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு பலித்தது. அந்தச் சிகிச்சையும் சும்மா இல்லை: 48 வாரம், வாராவாரம் இன்டர்ஃபெரான் ஊசி, காய்ச்சல், மன அழுத்தம், ரத்தசோகை. அதனால் மரபணுவைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் பழக்கம் வந்தது. அந்தச் சமயத்தில் நண்பர் எழுதியிருந்தால் பாதியாவது ஒப்புக்கொண்டிருப்பேன்.

2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு மாத்திரை 1,000 டாலர். இந்திய நிறுவனங்கள் 2015-இல் அதையே மிகக் குறைந்த விலையில் கொண்டுவந்தன. இன்றைக்கு 12 வார மாத்திரையில் 100-க்கு 95 பேருக்கு மேல் வைரஸ் முற்றிலும் போய்விடுகிறது. ஐஎல்28பி நல்ல வகையா கெட்ட வகையா என்று யாரும் பார்ப்பதில்லை; பார்க்கத் தேவையே இல்லாமல் போனது. மரபணு அப்படியே இருந்தது, மருந்து மாறியது, முடிவு மாறியது. விதி என்று அவர் சொல்வது, பல நேரங்களில், மருந்து இன்னும் நல்லதாக வரவில்லை என்பதைத்தான் குறிக்கிறது.

இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். மரபணு என்றால் மனிதனுக்கு மட்டுமா? வைரஸுக்கும் உண்டு. இந்தியாவில் அதிகம் காணப்படும் ஹெபடைட்டிஸ் சி மூன்றாம் வகை, தானே ஈரல் செல்களில் கொழுப்பைச் சேர்க்கும். ஈரல் கெட்ட கதையில் பாதி வசனம் வைரஸ் பேசுவது. முழுவதையும் பாட்டன் பூட்டன் வாயில் திணிப்பது என்ன நியாயம்?

அவர் மிகவும் விரும்பும் சாட்சி பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணு. 2008-இல் அமெரிக்காவின் டல்லஸ் ஆய்வில் வெளிவந்தது. இதன் ஒரு வகை, ஈரல் செல்லுக்குள் இருக்கும் கொழுப்புத் துளியின் மேல் போய் உட்கார்ந்துகொண்டு கொழுப்பு கரைவதைத் தடுக்கிறது. ஹெபடைட்டிஸ் சி உள்ளவர்களிடம் ஈரல் கொழுப்பும் வடுவும் கூடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. ஆனால் இந்த மரபணு தனியாக வேலை செய்வதில்லை. உடல் பருமனும் குடியும் சேர்ந்தால்தான் அதன் கை ஓங்கும். ராத்திரி ஷிஃப்ட் முடித்து, நேராக டாஸ்மாக்கில் நின்றுவிட்டு, பரோட்டா சால்னாவோடு வீட்டுக்குப் போகிறவரின் ஈரலில் அந்த மரபணு செய்வது வேறு. குடியை விட்டவரின் ஈரலில் செய்வது வேறு. இப்படிப்பட்ட மரபணு இருப்பதாகத் தெரிந்தால் கூடுதல் கவனம் வேண்டும் என்றுதான் எந்த மருத்துவரும் சொல்வார். கவனமே வேண்டாம் என்று அதிலிருந்து முடிவெடுக்க எங்கள் நண்பரால் மட்டும்தான் முடியும்.

மாத்திரை வீண் என்கிறார். கணக்கைப் பார்ப்போம். தைவானில் ஹெபடைட்டிஸ் பி உள்ள 3,653 பேரை வருஷக்கணக்கில் தொடர்ந்து பார்த்து 2006-இல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாக இருந்தவர்களில் ஈரல் புற்றுநோய் வந்தது 100-க்கு 1.3 பேருக்கு, மிக அதிகமாக இருந்தவர்களில் 14.9 பேருக்கு. எல்லோரும் ஒரே தீவின் மக்கள். வைரஸ் அளவுதான் வித்தியாசம். அதைக் குறைக்கத்தான் மாத்திரை. 2004-இல் வந்த ஆசிய ஆய்வில், ஈரல் ஏற்கெனவே இறுகிப்போனவர்களுக்கு லாமிவுடின் மாத்திரை கொடுத்தார்கள். நோய் முற்றியது 100-க்கு 7.8 பேருக்கு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 17.7 பேருக்கு. 2013-இல் வந்தது இன்னும் பெரிய செய்தி. ஐந்து வருஷம் டெனோஃபோவிர் சாப்பிட்டவர்களின் ஈரலில் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, தொடக்கத்தில் சிரோசிஸ் என்ற ஈரல் சுருக்கம் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது சிரோசிஸ் என்று சொல்லும் நிலையில் இல்லை. சுருங்கிய ஈரல் திரும்பாது என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் நம்பினார்கள். மரபணுவை யாரும் தொடவில்லை, ஈரல் திரும்பியது.

ஹெச்பிஎஸ்ஏஜி என்ற ஹெபடைட்டிஸ் பி ரத்தப் பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்த எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது என்பதும் உண்மை. வைரஸ் அளவு, எஸ்ஜிபிடி என்ற ஈரல் நொதியின் அளவு, ஃபைப்ரோஸ்கேனில் ஈரலின் இறுக்கம் எல்லாம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மாத்திரை வேண்டாதவரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். வியாபாரம் என்ற குற்றச்சாட்டுக்கும் பதில் உண்டு: 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இந்தப் பரிசோதனைகளும் மாத்திரைகளும் இலவசம். இலவசமாகக் கிடைப்பதை வியாபாரம் என்று திட்டிவிட்டு, ஆயிரக்கணக்கில் பணம் கட்டி மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்கிறார். அவர் பரிந்துரைக்கும் பட்டியலில் ஐரோப்பியரிடம் இரும்பு சேரும் நோயை உண்டாக்கும் சி282ஒய் மாற்றமும் இருக்கிறது; இந்தியர்களிடம் அது மிக மிக அரிது. காசு கட்டி அதைப் பார்த்து, இல்லை என்று சந்தோஷப்பட வேண்டும் போலிருக்கிறது.

கீழாநெல்லிக்கு வருவோம். அதை நான் கிண்டல் செய்யப் போவதில்லை. சென்னை அதற்கு உரிய மரியாதையோடு சோதனை செய்து பார்த்த ஊர். 1988-இல் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் லான்செட் இதழில் எழுதினார்கள். அந்தக் கட்டுரையில் பிளம்பர்க்கும் ஓர் ஆசிரியர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு. உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வெவ்வேறு இடங்களில் திரும்பத் திரும்பச் சோதித்தபோது அந்தப் பலன் வரவில்லை. விஞ்ஞானம் செய்ய வேண்டியதைச் செய்தது: சோதித்தது, பலன் நிலைக்காததால் அடுத்ததுக்குப் போனது. கீழாநெல்லி விஷயத்தில் 1988-இல் நின்றுபோன நண்பர், அதைப் பற்றிப் பிறகு வந்த எதையும் படிக்கவில்லை என்பது அவர் கட்டுரையிலேயே தெரிகிறது. திருவள்ளூர் வைத்திய வீரராகவரை நம்பி அமாவாசைக்கு வருகிறவர்கள்கூடக் குளத்தில் வெல்லம் கரைத்துவிட்டு, மறுநாள் டாக்டரைப் பார்க்கத் தவறுவதில்லை.

கடைசியில் வருவது கொடூரமான யோசனை. மற்றவற்றை அறியாமை என்று விடலாம்; இதை விட முடியாது. வேலைக்குச் சேரும் மெடிக்கல் செக்கப்பில் ஹெச்பிஎஸ்ஏஜி-க்கு எதிரே ரியாக்டிவ் என்று வந்தால் என்ன நடக்கிறது என்று இந்தப் பக்கத்துத் தொழிலாளர்களைக் கேட்டுப் பாருங்கள். யாரும் உட்காரவைத்து விளக்குவதில்லை. மறு பரிசோதனைக்கு எங்கே போவது என்று சொல்வதில்லை. காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் போனில் சொல்வது ஒன்றுதான்: “நாளைக்கு வராதப்பா, அப்புறம் சொல்றேன்.” அந்த அப்புறம் வருவதில்லை. வளைகுடா விசாவுக்கான மெடிக்கலிலும் இதே கதைதான். இந்த வைரஸ் ஒரே டம்ளரில் தண்ணீர் குடிப்பதால் பரவாது. ஒரே கேன்டீனில் சாப்பிடுவதால், பக்கத்து மெஷினில் நிற்பதால், கைகுலுக்குவதால் பரவாது. எச்ஐவி உள்ளவரை வேலையில் பாகுபடுத்தக் கூடாது என்று 2017-இல் சட்டம் போட்டோம்; ஹெபடைட்டிஸுக்கு அப்படித் தனியாக ஒரு பாதுகாப்பு இன்னும் இல்லை. கோடிக்கணக்கான பேருக்கு இந்த வைரஸ் உள்ள சீனாவே, வேலைக்கு ஆள் எடுக்கும்போது இந்தப் பரிசோதனையைக் கேட்கக் கூடாது என்று 2010-இல் தடை விதித்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்கள் சுமார் 2.98 கோடிப் பேர். இவர்களையெல்லாம் பலவீனப் பரம்பரை என்று முத்திரை குத்தி வேலையை விட்டு அனுப்பிவிட்டு ஆலையை யார் ஓட்டுவது?

வேலை போய்விடும் என்று பயந்தால் யாரும் பரிசோதனைக்கே வரமாட்டார்கள். வராதவரின் வைரஸ் சத்தமில்லாமல் ஈரலை அரிக்கும்; அவர் மனைவிக்கும் போகும். அந்த யோசனையால் நோய் குறையாது. கணக்கில் வராமல் போகும்.

ஒன்றை எல்லோருக்கும் சொல்கிறேன். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் மற்ற எல்லோரும் ஹெச்பிஎஸ்ஏஜி பாருங்கள். இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருக்கிறது என்று வந்தால் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் விசாரியுங்கள். அங்கிருந்து அனுப்பினால் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குங்கள். எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. கர்ப்பிணிகள் முதல் பரிசோதனையிலேயே இதைக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடாதீர்கள். ஹெபடைட்டிஸ் பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வைரஸ் மறுபடி கிளம்பி, சில பேருக்கு ஈரல் செயலிழப்பு வரை கொண்டுபோகும். அப்போது பதில் சொல்லக் கட்டுரை எழுதியவர் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டார்.